மெஷின் காலடியில் வெள்ளித்தும்பி

ஜெபசீலனுக்கு எரிச்சல் தொடங்கியது ஸ்கூட்டர் சீட்டில்தான். சீட்டின் உறை தையல் விட்டுப் போயிருந்தது. உள்ளே இருந்த ஸ்பான்ஜ் மழைத் தண்ணீரையெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, அவர் உட்காரும்போது மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தது. சிட்லபாக்கத்திலிருந்து சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் பேன்ட்டின் பின்பக்கம் நனைந்துவிடும். கிண்டியில் இருக்கும் காப்பீட்டு அலுவலகத்தில் அந்தக் கோலத்தோடு மேலதிகாரி முன்னால் உட்காரவும் முடியாது, திரும்பி நடக்கவும் முடியாது.

"சீட்டை மாத்துங்க, இல்லேன்னா பேன்ட்டை மாத்துங்க," என்றாள் மனைவி ஜெரூஷா. "எதையாவது ஒண்ணை மாத்துங்க. ஸ்கூல்ல இருந்து வந்து உங்க பேன்ட்டைக் காயப்போடறதே எனக்குப் பொழப்பாப் போச்சு."

அந்தச் சனிக்கிழமை, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் கலீல் பாயின் சீட் கவர் கடையைத் தேடிப் போனார். கலீல் பாய் சீட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் பிழிந்து பார்த்தார். கடை வாசலில் தண்ணீர் ஓடியது.

"இன்னா சார், சீட்டு வச்சிருக்கீங்களா, தொட்டி வச்சிருக்கீங்களா? மீன் விட்டு வளக்கலாம் போல கீதே."

"தைச்சுத் தர முடியுமா, முடியாதா?"

"கோச்சுக்காதீங்க சார். ஸ்பான்ஜே புதுசு போட்டுடலாம். உக்காருங்க."

ஜெபசீலன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் தையல் மெஷினைப் பார்த்தார். கனமான பழைய இரும்பு மெஷின். கடையின் தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்ததால், மெஷினின் முன்கால்கள் இரண்டுக்கும் முட்டு கொடுத்திருந்தது. வலது காலுக்கு அடியில் ரெக்சின் துண்டில் சுற்றிய ஏதோ பொட்டலம். இடது காலுக்கு அடியில் ஒரு மெல்லிய புத்தகம். அதன் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் வெள்ளி நிறச் சிறகின் நுனி ஒன்றும், சிவப்பு வட்டத்துக்குள் 14 என்ற எண்ணும் தெரிந்தன.

ஜெபசீலனுக்குக் காது அடைத்துக்கொண்டது.

'வெள்ளித்தும்பி' என்பது அவர் பள்ளிக்கூடம் படித்த நாட்களில் மாதம் ஒன்றாக வந்த படக்கதை. பகலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவன், ஊருக்கு ஆபத்து என்றால் முதுகில் தும்பிச் சிறகு விரித்துப் பறப்பான். இருபத்து நான்கு இதழ்களோடு அது நின்றுபோனது. அவற்றில் இருபத்து மூன்றை, சாணித்தாளில் அச்சான அசல் இதழ்களாகவே, ஜெபசீலன் சேர்த்துவிட்டார். பீரோவில் ஒவ்வொன்றும் தனித்தனி பாலிதீன் உறைக்குள் எண் வரிசைப்படி நின்றன. பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே ஒரு வெற்று உறை நின்றது. பீரோவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவது போல அவருடைய விரல் அந்த உறையைத்தான் தேடிப் போகும்.

இப்போது மறுபதிப்புகளின் காலம். பொத்தேரியில், மாணவர்கள் தங்கும் வீடுகளுக்கு நடுவே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, மெர்வின் என்ற இளைஞன் வெள்ளித்தும்பியை ஒவ்வொரு இதழாக மறுபதிப்பு செய்துகொண்டிருந்தான். வழவழப்பான தாளில், கம்ப்யூட்டர் வண்ணத்தில், வெள்ளித்தும்பி வரவேற்பில் நிற்கும் கல்யாண மாப்பிள்ளை போல மின்னினான். ஜெபசீலன் ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே வாங்கினார். அசல் பிரதியை ஸ்கேன் செய்யக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லி, உள்ளட்டையில் பெயர் போடுவது மெர்வினின் வழக்கம். ஒன்பதாம் இதழில் 'அசல் பிரதி உதவி: தோத்தாத்ரி, சேலையூர்' என்று போட்டிருந்தான். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அந்தத் தோத்தாத்ரி, சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு, இன்று வரை யாராவது புதிதாகச் சேர்ந்தால் மறுபடியும் போடுவார். பதினான்காம் இதழ் மட்டும் மறுபதிப்பு ஆகவில்லை. அசல் யாரிடமும் இல்லை. அதன் உள்ளட்டையில் 'ஜெபசீலன், சிட்லபாக்கம்' என்று வந்துவிட்டால் போதும், வாழ்க்கையில் வேறு பெரிதாக எதையும் கேட்க அவருக்கு உத்தேசமில்லை.

அந்த இதழ்தான் தையல் மெஷினைத் தாங்கிக்கொண்டு கிடந்தது.

பழைய புத்தகம் சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வேண்டியதைக் கண்டுவிட்டால் ஆசையைக் கண்ணில் காட்டக் கூடாது. நாம் ஆசைப்படுவது தெரிந்தால், குப்பையில் கிடக்கும் தாளும் பூஜை அறைக்குப் போய்விடும். ஆகவே முதலில் பக்கத்தில் கிடக்கும் வேறு எதையாவது விசாரிக்க வேண்டும், கொட்டாவி விட வேண்டும், கிளம்புகிற மாதிரி எழுந்து நிற்க வேண்டும். ஜெபசீலன் இதையெல்லாம் முறையாகச் செய்தார். ரெக்சின் வகைகளைக் கேட்டார். மழையைக் குறை சொன்னார். எழுந்து நின்று சாவியைத் தடவினார். பிறகு, போகிற போக்கில் கேட்கிறவர் போல,

"அது என்ன பாய், மெஷினுக்கு அடியில?"

"அதுவா? எங்க அண்ணன் சாஜித் முன்னே வாடகை லைப்ரரி வச்சிருந்தாரு சார். ஓட்டமான புக்குன்னா ரெண்டு ரெண்டா வாங்கிப் போடுவாரு. அப்புறம் எங்க ஓடுது? மூடிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு. எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சு. மிஞ்சினது மெஷினுக்கு ஆச்சு. ஏன், வேணுமா சார்?"

வேணும் என்ற சொல் ஜெபசீலனின் தொண்டை வரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

"சேச்சே, எனக்கு எதுக்கு? தம்பி பையன் ஒருத்தன் படக்கதைன்னா விரும்பிப் படிப்பான். சின்னப் பிள்ளை. அவனுக்கு ஆகுமேன்னு பார்த்தேன். கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. அட்டைகூட வேணாம். உள்ள கதை இருந்தாப் போதும்."

தம்பி எபிக்கு ஒரு மகன் உண்டு என்பது உண்மைதான். அவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், மீசை வைத்திருக்கிறான் என்பதும் உண்மை.

"பிள்ளைக்குன்னா இன்னா சார், தாராளமா எடுத்துக்கோங்க," என்றார் கலீல் பாய். "ஆனா அண்ணனோட பொருளு. ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். மெஷினை வேற தூக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

இந்த மெஷினை இப்போதே நான் ஒற்றைக் கையால் தூக்குகிறேன் என்று சொல்லத் துடித்த வாயை மூடிக்கொண்டு, ஜெபசீலன் புதுச் சீட்டில் ஏறி வீட்டுக்கு வந்தார்.

அந்த இரண்டு வாரமும் ஜெரூஷாவுக்குத்தான் சோதனை. இரவில் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, "அவன் அது மேல எண்ணெய் ஊத்திடுவானோ?" என்றார்.

"யாரு, எது மேல?"

"மெஷினுக்கு எண்ணெய் விடுவாங்கல்ல. சொட்டினா?"

"போன் போட்டு, எண்ணெய் விடாதீங்க, எனக்கு அந்தப் புத்தகம் வேணும்னு சொல்லுங்களேன்."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. உனக்குப் புரியாது."

"புரியலதான். வேணும்னா வேணும்னு சொல்றதுல என்ன வந்துச்சு உங்களுக்கு? பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான், எங்கப்பா மூணு தடவை கேட்டப்புறம்தான் 'பரவாயில்ல'ன்னீங்க. எங்கம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டறாங்க."

இதற்கு நடுவில் குழுவின் மாதக் கூட்டம் வந்தது. கூட்டம் என்றால் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டு, எந்த இதழின் எந்தப் பக்கத்தில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது என்று சண்டை போடுவது. தோத்தாத்ரி வந்ததும் ஸ்கூட்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன ஓய், சீட்டு புதுசா? தையல் ஜோரா இருக்கே. எங்கே தைச்சீர்?"

சொல்லாவிட்டால் சந்தேகம் வரும். தோத்தாத்ரிக்குச் சந்தேகம் வந்தால் தாம்பரம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்துவிடுவார். ஆகவே மிகச் சாதாரணமான குரலில், "மேற்குத் தாம்பரத்துல கலீல் பாய்னு ஒருத்தர். சுமாராத்தான் தைக்கிறார். நீங்க போக வேண்டாம்," என்றார்.

போக வேண்டாம் என்ற அந்தக் கடைசிச் சொல்லை ஏன் சொன்னோம் என்று அவர் பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டார்.

சொன்ன நாளில் கடைக்குப் போனபோது கலீல் பாய் வாயெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றார். மெஷினின் இடது காலுக்கு அடியில் இப்போது ஒரு மரத்துண்டு இருந்தது. மெஷின் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"வாங்க சார். அண்ணன், 'பிள்ளைக்குத்தானே, கேக்கவே வேணாம், குடுத்துடு'ன்னுட்டாரு. காசு கீசு எடுத்தீங்க, கோவம் வந்துடும். இந்தாங்க."

அவர் நீட்டிய பையை ஜெபசீலன் இரண்டு கையாலும் வாங்கினார். பை கனத்தது. முப்பத்திரண்டு பக்கச் சாணித்தாள் புத்தகம் இவ்வளவு கனக்காது. உள்ளே கை விட்டபோது, ஓட்டலில் சாப்பாட்டு விலைப்பட்டியலைத் தொடுவது போல வழவழவென்று இருந்தது.

வெளியே எடுத்தார். பச்சை நிற பிளாஸ்டிக் சுருள் போட்டுப் பைண்டிங் செய்த ஒரு புத்தகம். ஒவ்வொரு தாளும் லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது. வெள்ளித்தும்பி அதற்குள் ஃப்ரீசரில் வைத்த மீன் போலக் கிடந்தான்.

"இது..." என்றார் ஜெபசீலன்.

"எப்படி கீது சார்?" கலீல் பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "எடுத்துப் பாத்தா அப்பளம் மாதிரி நொறுங்குது. அப்படியே எப்படி ஒரு பிள்ளை கையில குடுக்கிறது? பின்னெல்லாம் துரு. கையில குத்திச்சுன்னா? அதான் பின்னைப் புடுங்கிட்டு, நடுவுல நேரா வெட்டி, தாள் தாளா லேமினேஷன் போட்டுட்டேன். என் பொண்ணு தபஸ்ஸும்தான் கூடவே நின்னு பாத்துக்கினா. மூலை கூர்மையா இருந்தா பிள்ளை கண்ணுல பட்ரும்னு, பாருங்க, மூலையெல்லாம் வட்டமா வெட்டச் சொன்னா. இனிமே எச்சி வச்சுத் திருப்பினாலும் ஈரத் துணியால தொடச்சிக்கலாம்."

ஜெபசீலன் வட்டமாக வெட்டிய மூலைகளைப் பார்த்தார். ஒவ்வொரு மூலையிலும் ஒரு துளி சாணித்தாள் போயிருந்தது. எங்கேயோ ஒரு லேமினேஷன் கடையின் குப்பைக் கூடையில் அந்தத் துளிகள் கிடக்கும். அவருக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. எதிரில் நின்ற முகத்தைப் பார்த்தால் உலுக்க முடியவில்லை. அந்த மனிதர் தன் வேலையை விட்டுவிட்டு, சொந்தச் செலவில், இல்லாத ஒரு குழந்தையின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்.

"அட்டை எங்க பாய்?"

"எந்த அட்டை?"

"இதோட அட்டை. முன்னட்டை, பின்னட்டை."

"நீங்கதான சார் அட்டை வேணாம்னு சொன்னீங்க?" கலீல் பாய் குழம்பிப் போனார். "உங்க ஃப்ரெண்டு ஒருத்தர் சீட்டு தைக்க வந்தாரு, சேலையூர்காரரு. இங்க மேசை மேல அட்டை தனியாக் கெடந்துச்சு. பாத்தவுடனே அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு சார். தண்ணி குடுத்தேன். 'பாய், இது எனக்கு வேணும், இதுக்காக எத்தினியோ வருஷமா அலையறேன்'னாரு. கண்ணுல தண்ணி. கதை சிட்லபாக்கம் சாரோட தம்பி பையனுக்குப் போவுதுன்னு சொன்னேன். 'சரி, அட்டையாவது குடும்'னாரு. ஆசைப்பட்டுக் கேக்கறவருக்கு எப்படி சார் இல்லேன்றது? குடுத்துட்டேன்."

தோத்தாத்ரி. கொட்டாவி விடவில்லை, சாவியைத் தடவவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அழுது, அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"தப்பா எதுவும் பண்ணிட்டனா சார்?"

"இல்ல பாய். நான் என்ன சொன்னேனோ அதைத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார் ஜெபசீலன். அதுதான் அவரால் தாங்க முடியாத விஷயமாக இருந்தது.

வீட்டில் ஜெரூஷா சாப்பாட்டு மேசையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் பையை மேசை மேல் போட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தார். அவள் உரித்த கையோடு புத்தகத்தை எடுத்தாள்.

"கை! கை!" என்று கத்தினார், பழக்கத்தில்.

"கைக்கு என்ன? இது பிளாஸ்டிக் போட்டிருக்கே." அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தானே பண்ணியிருக்கார். உங்களோடதையும் இப்படிப் போட்டா பூச்சி அரிக்காது."

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜெரூஷா அந்த பீரோவைத் தொட்டது கிடையாது. தூசு தட்டக்கூட அனுமதி இல்லை. இப்போதுதான் முதல்முறையாக ஒரு வெள்ளித்தும்பி, ஈரக் கை பட்டாலும் ஒன்றும் ஆகாத நிலையில், அவள் கைக்கு வந்திருந்தது. அவள் ஒரு பக்கம் படித்தாள். இன்னொரு இறாலை எடுத்தாள். பிறகு இறாலை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தீப்பெட்டித் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு ஊர். முகமூடி போட்ட 'கந்தகன்' என்பவன் ஒவ்வொரு கிடங்காகத் தீ வைக்கிறான். வெள்ளித்தும்பி வருகிறான்.

"எனக்கு இந்த மேனேஜர் மேலதான் சந்தேகம்," என்றாள் பாதியில். "முழி சரியில்ல."

"ஜெரூ, நான் ஒரு மனுஷன் இங்க செத்துக்கிட்டிருக்கேன்."

"இருங்க, முடிச்சிடறேன்."

முடித்தாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்து, பின்பக்கம் திருப்பி, மறுபடியும் பார்த்தாள்.

"என்னங்க இது? யாருன்னே சொல்லல!"

ஜெபசீலன் எட்டிப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் வெள்ளித்தும்பி வாசகரைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டு நின்றான். கீழே எழுதியிருந்தது: 'முகமூடிக்குள் இருப்பவர் யார்? வாசகர்களே, முன்னட்டையில் உள்ள புகையைத் தலைகீழாகப் பாருங்கள்! விடை அங்கே ஒளிந்திருக்கிறது!'

உரித்த இறாலை விசாரித்து வெளியே ஒரு பூனை கத்தியது.

"அந்த அட்டை எங்க?" என்றாள் ஜெரூஷா.

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவருடைய போனை எடுத்துத் தோத்தாத்ரியின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "கேளுங்க."

"ஹலோ," என்றது தோத்தாத்ரியின் குரல்.

"சார், ஜெபசீலன். ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். சீட்டு தைச்சீங்களாமே?"

"ஆமாம் ஓய். சுமாராத்தான் தைச்சிருக்கார்."

"அங்க ஏதோ பழைய அட்டை ஒண்ணு கிடைச்சுதுன்னு பாய் சொன்னார்."

"அட்டையா?" தோத்தாத்ரி நீளமாகக் கொட்டாவி விட்டார். "ஆமாம், ஏதோ ஒண்ணு குடுத்தார். எங்கே வச்சேன்னு ஞாபகம் இல்லே. அதை எதுக்குக் கேட்கிறீர்?"

ஜெபசீலன் அந்தக் கொட்டாவியை அறிவார். அது அவருடைய கொட்டாவி. நாக்கு நுனியில், 'எனக்கில்ல சார், தம்பி பையன்' என்பது தானாக வந்து நின்றது. ஜெரூஷா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட்டையில புகை இருக்கு பாருங்க," என்றார் கடைசியில். "அதைத் தலைகீழாப் பார்த்தா வில்லன் முகம் தெரியுமாம். கடைசிப் பக்கத்துல போட்டிருக்கு."

எதிர்முனையில் கொட்டாவி நின்றுபோனது. எங்கேயோ வைத்து மறந்துபோன அட்டை சரசரக்கும் சத்தம் உடனே கேட்டது. பிறகு, "ஓய்! மூக்கு தெரியறது, மீசை தெரியறது, யாருன்னு எனக்கெப்படித் தெரியும்? நான் கதையைப் படிக்கலையே!" என்று தோத்தாத்ரி அலறினார்.

"நீங்க இங்க வந்துடுங்க சார்," என்று ஜெரூஷா போனைப் பார்த்துச் சொன்னாள். "நாளைக்கு நாங்க கோயில்ல இருந்து வந்ததும் வாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

மறுநாள் அவர்கள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போதே தோத்தாத்ரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த முன்னட்டையை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். மேசையில் துணி விரித்து அதைப் பிரித்தார். ஜெபசீலன் குனிந்து பார்த்தார். நிறம் அப்படியே இருந்தது. ஒரு மூலையில் மட்டும் தையல் மெஷினின் கால் பதித்த வட்டமான பள்ளம். மெர்வின் தலைகீழாக நின்றாலும் அந்த மங்கலான வெள்ளியை அச்சில் கொண்டுவர முடியாது.

ஜெரூஷா அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். தோத்தாத்ரி ஒரு ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே கூடத் திரும்பினார். புகைக்குள் ஒரு தொப்பி, ஒரு மீசை, ஒரு புருவம்.

"தீயணைப்பு அதிகாரி!" என்று கூவினாள் ஜெரூஷா. "ஒவ்வொரு தீக்கும் அவன்தான் முதல்ல வந்து நிப்பான்! நான் மேனேஜரைப் போட்டுத் திட்டினேனே."

"எங்கே, அந்தப் பக்கத்தைக் காட்டுங்கோ," என்று தோத்தாத்ரி சுருள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். வட்ட மூலைகளைத் தடவிப் பார்த்தவரின் முகம் துக்க வீட்டுக்கு வந்தவர் போல ஆனது. "அடப்பாவி. ஓய், பிரேதத்துக்கு மாலை போட்டுக் கண்ணாடிப் பெட்டியில வச்ச மாதிரின்னா இருக்கு."

"அட்டையைக் கொடுத்துடுங்க சார்," என்றார் ஜெபசீலன். வார்த்தை திடீரென்று வந்துவிட்டது. "எனக்கு வேணும். என்கிட்ட இது ஒண்ணுதான் இல்ல. உள்தாள் போனாலும் வெளியவாவது அசலா இருக்கட்டும். எனக்கு ரொம்ப வேணும்."

தோத்தாத்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல நீர் வாயைத் திறந்து ஒண்ணைக் கேட்டு இப்பத்தான் பார்க்கறேன். சந்தோஷம்."

"அப்போ?"

"குடுக்க மாட்டேன்."

"சார்!"

"எனக்கும் வேணும் ஓய். நான் முதல்லயே சொன்னேன். அழுதே சொன்னேன்."

ஜெபசீலன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. கலீல் பாய். முந்தின நாள் ஸ்பீக்கரில் வைத்துப் பழகிவிட்டதாலோ என்னவோ, ஜெரூஷா இதையும் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், கலீல் பேசறேன். நேத்திக்கு உங்க மூஞ்சி வாடிப் போச்சு, எனக்கு மனசே சரியில்ல. அது கெடக்கட்டும். அந்தப் பொஸ்தகத்தை எடுத்ததுலருந்து மெஷின் ஆடிக்கினே கீது சார். கட்டை வச்சேன், நொண்டுது. ரெண்டு பக்கமும் ஒரே தடிமன் இருந்தாத்தான நேரா நிக்கும்? அதான் இன்னிக்கு அந்தப் பக்கத்ததையும் எடுத்துட்டு, ரெண்டுக்கும் செங்கல் சில்லு வச்சேன்."

ஜெபசீலனுக்கு மறுபடியும் காது அடைத்தது. வலது கால். ரெக்சின் துண்டில் சுற்றிய பொட்டலம். ஒரே தடிமன் வேண்டுமென்றால் மனிதன் எதை வைப்பான்? அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, இந்தக் கணக்குத் தோன்றாமல் போயிற்றே.

"ரெக்சினைப் பிரிச்சா," என்றது போன், "அதே பறக்கிற ஆளு, அதே நம்பரு. அண்ணன்தான் ரெண்டு ரெண்டா வாங்குவாரே. இது சுத்தி வச்சிருந்ததுல புதுசு மாதிரி கீது சார், பின்னுகூட துரு ஏறல. உங்க தம்பி பையனுக்கு இன்னொண்ணா வச்சுக்கட்டும். தபஸ்ஸும் கடைத்தெருவுக்குக் கிளம்பிக்கினு கீறா, கையோட இதையும் லேமினேஷன் போட்டுட்டு வரச் சொல்லிடவா?"

தோத்தாத்ரியின் கை மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் கேட்டுவிட்டார். ஜெபசீலன் எத்தனையோ ஆண்டுகள் கட்டிக் காத்த பழக்கப்படி, இப்போது போனை அணைத்துவிட்டு, கேஸ் சிலிண்டர்காரன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"வேண்டாம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "பாய், தபஸ்ஸுமை நிறுத்துங்க! எதுவும் பண்ண வேண்டாம். பின்னைத் தொட வேண்டாம், துணியால துடைக்க வேண்டாம். தம்பி பையனெல்லாம் இல்ல பாய், அவன் காலேஜ் படிக்கிறான். எனக்குத்தான் வேணும். அட்டையோட, பின்னோட, தூசியோட, எப்படிக் கிடக்கோ அப்படியே வேணும். இதுக்காகத்தான் நான் அன்னிக்கு ரெக்சின் வகையெல்லாம் கேட்டேன்!"

போனுக்குள் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"உங்களுக்கா சார்?" என்றார் கலீல் பாய். "அதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நான் பாட்டுக்கு எல்லாத்தையும் வெட்டிட்டு... யம்மா தபஸ்ஸும், பையை வை! சரி சார், எடுத்து மேல வச்சுட்டேன். வந்து வாங்கிக்கோங்க."

ஜெபசீலன் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டும்போது பின்னால் காலடிச் சத்தம். தோத்தாத்ரி ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாக வந்துகொண்டிருந்தார்.

"ஓய், இரும், நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு சார்?"

"சும்மாதான். அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு."

"சார்!" என்று உள்ளேயிருந்து ஜெரூஷா கூப்பிட்டாள். "உங்க அட்டை இங்கயே இருக்கு!"

தோத்தாத்ரி வாசற்படிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே நின்று தவித்தார். உள்ளே போய் எடுத்துவர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் ஸ்கூட்டர் போய்விடும். ஜெபசீலன் வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினார். தோத்தாத்ரி பாய்ந்து வந்து பின்னால் ஏறிக்கொண்டார்.

"பத்திரமா வையும்மா!" என்று வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, ஜெபசீலனின் தோளைப் பிடித்தார். "இறால் கையோட தொட வேண்டாம்னு சொல்லும் ஓய்."

"நீங்களே சொல்லுங்க."

ஏரிக்கரை திருப்பத்தில் தோத்தாத்ரி காதருகே குனிந்தார். "ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பேரும் போய் நிக்கறோம். நானும் அங்கே போய் அழுதா, பாய் யாருக்குக் குடுப்பார்?"

"நான் கேட்டாச்சு சார்," என்றார் ஜெபசீலன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "முதல்ல கேட்டாச்சு. எங்க தெருவே கேட்டுச்சு."

சானடோரியம் வந்தது. தோத்தாத்ரி சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "தையல் நன்னாத்தான் இருக்கு," என்றார் கடுப்பாக.